கொடை விழாவில் வில்லுப்பாட்டுக் கேட்கப் போகிறவர்களுக்கு

தென்மாவட்டத்து ஊர்க்கோயில் விழாவான கொடையில், வில்லைத் தட்டிக் கதை பாடும் வில்லுப்பாட்டைக் கேட்கப் போகிறவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது எங்கே உட்காருவது என்பதைத்தான். குடத்தின் வாயில் பத்தி என்னும் சிறு விசிறி விழும் சத்தம் ஒலிபெருக்கியின் தயவில்லாமல் நேராக உங்கள் காதுக்கு வந்து சேருகிற தூரத்தில் உட்கார்ந்தால் கதை பிடிபடும். அதைத் தாண்டி உட்கார்ந்தால், விடிய விடிய விழித்திருந்தும் வெறும் இரைச்சலைக் கேட்டுவிட்டு வீடு திரும்புவீர்கள். சிறுவயதில் எங்கள் ஊர்க் கொடையில் குழாய் ஒலிபெருக்கிக்கு நேர் கீழே இருந்த ஒரு திண்ணையில் இடம் பிடித்துவிட்ட பெருமையோடு இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலையில், "என்ன கதைலே படிச்சாங்க?" என்று ஆச்சி கேட்டபோது ஒரு வரிகூடச் சொல்லத் தெரியவில்லை. "கொடத்துச் சத்தம் கேக்குற எடத்துல உக்காரணும்லே" என்றாள். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகும் மற்றவை எல்லாம் அந்த இடத்தைப் பிடிப்பதற்கும், பிடித்தபின் அங்கே முறையாக இருப்பதற்குமான ஏற்பாடுகளே.

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானம் போன்ற இடங்களில் மேடைக் கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்குக் கொடை முதலில் சற்றுக் குழப்பமாக இருக்கும். இங்கே நுழைவுச்சீட்டு இல்லை, இருக்கை எண் இல்லை, நிகழ்ச்சி தொடங்கும் நேரம் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருப்பதும் ஒரு மரியாதைக்காகத்தான். அதைவிட முக்கியமான வேறுபாடு, பாட்டு யாரைப் பார்த்துப் பாடப்படுகிறது என்பது. வில்லிசைக் குழுவினரின் பந்தல் பெரும்பாலும் கோயிலுக்கு எதிரே, சாமியைப் பார்த்த வண்ணம் போடப்பட்டிருக்கும். சாமியின் கதையைச் சாமிக்கே சொல்கிறார்கள். ஊரும் நாமும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறோம்.

எந்த மாதம், எந்தக் கொடை

திருநெல்வேலிச் சீமையில் பங்குனி தொடங்கி வைகாசி வரையிலும், பிறகு ஆடி, ஆவணி மாதங்களிலும் கொடைகள் நெருக்கமாக வரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழைக்குப் பயந்து பெரும்பாலும் யாரும் நாள் குறிப்பதில்லை. அம்மன் கோயில்களுக்குச் செவ்வாய்க்கிழமையும் சுடலைமாடனுக்கு வெள்ளிக்கிழமையும் பொதுவாக உகந்தவை என்பதால், அந்தக் கிழமைகளையும் அவற்றுக்கு முந்தைய இரவுகளையும் கணக்கில் வைத்துக்கொண்டால் விடுப்பு எடுப்பது எளிது.

விழாவின் அடுக்கையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். எட்டு நாள் முன்னதாகப் பந்தலுக்குக் கால் நடும் கால்நாட்டு நடக்கும். கொடைக்கு முந்தைய இரவு சாமியை அழைக்கும் குடியழைப்பு. மறுநாள் நண்பகலில் மதியக்கொடை. அன்று நள்ளிரவில் சாமக்கொடை. அதற்கடுத்த நாள் மஞ்சள் நீராட்டு. எட்டாம் நாள் பூசையோடு எல்லாம் நிறைவுறும். கோயிலுக்குக் கோயில் இதில் சிறு மாற்றங்கள் உண்டென்றாலும், பல ஊர்களில் அந்தக் கோயிலின் தலைமைச் சாமிக்குரிய கதை கொடை நாளின் இரவுக்கென்றே வைக்கப்பட்டிருக்கும். ஒரே ஓர் இரவுதான் உங்களால் ஒதுக்க முடியும் என்றால், குடியழைப்பை விட்டுவிட்டுக் கொடை இரவுக்கே போங்கள்.

முதன்முறை போகிறவர்கள் பெயர்பெற்ற பெரிய கோயில்களைத் தேடிப் போக வேண்டாம் என்பது என் கருத்து. தாமிரவருணியோடு சிற்றாறு சேரும் சீவலப்பேரியில் உள்ள சுடலைமாடன் கோயிலும், பாபநாசம் மலையில் காரையாற்றங்கரையில் உள்ள சொரிமுத்து அய்யனார் கோயிலும் நாட்டார் தெய்வ வழிபாட்டில் மிக முக்கியமானவை; கட்டாயம் ஒருமுறை பார்க்க வேண்டியவை. ஆனால் ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் கூடும் பெருங்கூட்டத்தில் நீங்கள் கேட்கப்போவது பக்கத்துக் கூடாரத்துக் குழந்தையின் அழுகையைத்தான். போதாக்குறைக்கு அந்தக் கோயில் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் வாகனங்களுக்கு வனத்துறையின் கட்டுப்பாடுகளும் உண்டு. ஐம்பது அறுபது வீடுகள் வரி என்னும் பங்குத்தொகை கொடுத்து நடத்தும் ஒரு சிற்றூர்க் கொடையில் வில்லுப்பாட்டுக் கேட்பதற்கு ஈடே இல்லை.

அப்படிப்பட்ட கொடைக்கு அந்த ஊர்க்காரர் ஒருவரின் அழைப்போடு போவதே முறை. இந்தக் கோயில்கள் பெரும்பாலும் சில குடும்பங்களுக்கோ ஒரு தெருவுக்கோ உரியவை. வரி கொடுப்பவர்கள்தான் விழாவின் சொந்தக்காரர்கள். வந்தவரை விரட்டுகிற வழக்கம் இல்லை என்றாலும், "எந்த ஊரு? யாரு வீட்டுக்கு வந்திருக்கிய?" என்ற கேள்வி நிச்சயம் வரும். அதற்கு உங்கள் ஊர்ப்பெயரையும் அழைத்தவரின் பெயரையும் சொன்னால் போதும். கேட்கிறவர் அதற்குமேல் எதையோ அறிய விரும்புகிறார் என்று தோன்றினால் சிரித்துவிட்டுச் சாமியைப் பார்க்கத் திரும்பிவிடுங்கள். பெரியவர்களை "அண்ணாச்சி" என்றும், வயதான பெண்களை "ஆச்சி" என்றும் அழைத்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

அழைப்பிதழைப் படிப்பது எப்படி

கொடை அழைப்பிதழோ, ஊர் முகப்பில் கட்டியிருக்கும் பிளக்ஸ் பலகையோ கையில் கிடைத்தால், சாமிகளின் பெயர்ப் பட்டியலையும் வரிதாரர்களின் புகைப்படங்களையும் தாண்டி, "வில்லிசை" என்ற சொல்லைத் தேடுங்கள். ஊர்ப் பேச்சில் வில்லு, வில்லுப் படிப்பு என்று சொல்வதைத்தான் அச்சில் வில்லிசை என்று போடுவார்கள். அதற்கு எதிரே குழுத் தலைவரின் பெயரும் ஊரும் இருக்கும். இப்போது பெண்கள் தலைமை தாங்கும் குழுக்கள் பலவும் இருக்கின்றன. பிறகு அதே இரவில் வேறு என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். நையாண்டி மேளமும் கரகாட்டமும் வில்லோடு காலங்காலமாக இருந்து வருபவை. அவை தமக்குரிய நேரத்தில் வந்து போய்விடும். ஆனால் செண்டை மேளம், இன்னிசைக் கச்சேரி, ஆடல்பாடல் நிகழ்ச்சி எல்லாம் ஒரே இரவில் அடுக்கப்பட்டிருந்தால், வில்லுக்குக் கிடைக்கும் நேரம் கதையின் தலையையும் வாலையும் மட்டும் தொட்டுக்காட்டப் போதுமானதாகவே இருக்கும். அப்படிப்பட்ட அழைப்பிதழைப் பத்திரமாக மடித்து வைத்துவிட்டு வேறு ஊரைத் தேடலாம்.

நேரத்தைப் பொறுத்தவரை, மாலை ஆறு மணிக்கு வில்லிசை என்று போட்டிருந்தால் ஆறு மணிக்கே போய்விடுங்கள். பாட்டு எட்டு மணிக்குத்தான் தொடங்கும் என்பது உண்மைதான்; ஆனால் இடம் ஆறரைக்குள் நிரம்பிவிடும்.

கொண்டுபோக வேண்டியவை

அதிகம் வேண்டாம். ஒரு கோரைப்பாய் அல்லது பழைய போர்வை, குடிநீர், ஒரு துண்டு, கைவிளக்கு, சில்லறைப் பணம். வீட்டில் கலியாணச் சீராக வந்த பத்தமடைப் பட்டுப்பாயைப் பாசத்தோடு எடுத்து வந்த ஓர் உறவினர், நள்ளிரவில் அதன்மேல் சுக்குக் காப்பி கொட்டியதிலிருந்து கொடைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். கைவிளக்கு பந்தலுக்குள் பயன்படாது. திரும்பும்போது வரப்பிலும் களத்திலும் நடக்கப் பாம்புக்குப் பயந்து தேவைப்படும். கழிப்பறை வசதி பெரும்பாலும் இருக்காது என்பதால், குறிப்பாகப் பெண்களோடும் குழந்தைகளோடும் போகிறவர்கள், அழைத்தவரின் வீடு கோயிலிலிருந்து எவ்வளவு தூரம் என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். பேருந்தில் போவதென்றால், திருநெல்வேலியில் வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்திலிருந்தோ சந்திப்புப் பேருந்து நிலையத்திலிருந்தோ அந்த ஊருக்குப் போகும் கடைசி டவுண் பஸ்ஸையும் விடியற்காலை முதல் பஸ்ஸையும் விசாரித்துக்கொள்ளுங்கள். நடுவில் திரும்பலாம் என்று திட்டமிட வேண்டாம்.

இடம் பிடிப்பது

பந்தலைச் சென்றடைந்ததும் உடனே உட்கார்ந்துவிடாமல் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். வில்லின் இருப்பை முதலில் கவனியுங்கள். வைரம் பாய்ந்த பனையில் செய்த, ஆளைவிட நீளமான வில்கதிர், அதாவது வில்லின் தண்டு, புரிமணை என்னும் வளையத்தில் வைத்த மண்குடத்தின்மேல் படுத்திருக்கும். கதிரில் வெண்கல மணிகள் வரிசையாகத் தொங்கும். நாண் மேற்பக்கமாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். தலைமைப் புலவர் நடுவில் உட்கார்ந்து இரண்டு வீசுகோல்களால் நாணைத் தட்டிப் பாடுவார். குடம் அடிப்பவர் ஒரு பக்கத்தில் குடத்தை ஒட்டி அமர்ந்திருப்பார். உடுக்கை, ஜால்ரா, கட்டை ஆகியவற்றுக்குரியவர்கள் சுற்றிலும் இருப்பார்கள். குடக்காரர் எந்தப் பக்கம் இருக்கிறாரோ அந்தப் பக்கமே உங்கள் பக்கம்.

வில்லுக்கும் சாமிக்கும் நடுவே உள்ள பாதையில் ஒருபோதும் உட்காரக் கூடாது. தொடக்கத்தில் அந்த இடம் காலியாக, மணல் பரப்பி, அழைப்பது போலவே இருக்கும். குழந்தைகள் அங்கேதான் விளையாடிக்கொண்டிருக்கும். நள்ளிரவில் சாமியாடிகள் ஓடி வருகிற தடம் அதுதான். அதன் இரு ஓரங்களில், பெண்கள் ஒருபுறமும் ஆண்கள் ஒருபுறமுமாகப் பல ஊர்களில் உட்காருவார்கள். அந்த வரிசையில் முன்னாலிருந்து மூன்றாவது நான்காவது ஆளாக, குடக்காரரின் கை உங்கள் கண்ணுக்குத் தெரியும்படி இடம் கிடைத்தால் அதற்குமேல் எதையும் தேட வேண்டாம்.

ஒலிபெருக்கிகளை அடுத்துக் கவனிக்க வேண்டும். பந்தலில் பெட்டி ஒலிபெருக்கிகளும், தெரு முனைவரை கம்பங்களில் குழாய்களும் கட்டியிருப்பார்கள். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் தூரம்தான் போகும். கம்பியில் ஓடும் மின்சாரத்துக்கு அந்தத் தாமதம் கிடையாது. எனவே, நூறு மீட்டர் தள்ளியிருக்கும் குழாயிலிருந்து வரும் சொல், உங்கள் தலைக்கு மேலிருக்கும் குழாயின் சொல்லைவிடக் கிட்டத்தட்ட கால் நொடிக்கும் கூடுதலாகப் பிந்தி வந்து சேரும். இரண்டு குழாய்களுக்கு நடுவே அகப்பட்டவருக்கு ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை விழுந்து, இரண்டுமே கலங்கிப்போகும். நான் திண்ணையில் உட்கார்ந்து கேட்டது அந்தக் கலங்கலைத்தான். குடத்தை நேராகக் கேட்கும் தூரத்தில் இருப்பவருக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு.

காதுக்கும் ஓர் அளவு உண்டு. தொழிற்கூடங்களின் சத்தத்துக்கு அமெரிக்க ஆய்வாளர்கள் பரிந்துரைக்கும் கணக்கின்படி, 85 டெசிபெல் சத்தத்தில் ஒரு நாளில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபெலில் 15 நிமிடம்தான். பெட்டி ஒலிபெருக்கியின் வாய்க்கு முன்னால் இரவு முழுவதும் கைக்குழந்தையை மடியில் போட்டுத் தூங்கவைப்பதைக் கொடைகளில் இன்றும் பார்க்கிறேன். பார்க்கிற ஒவ்வொரு முறையும் எழுந்துபோய்ச் சொல்லிவிடுகிறேன், ஏச்சு வாங்கினாலும் பரவாயில்லை. குழந்தைகளைப் பெட்டிகளுக்குப் பின்புறமாக உட்காரவைத்து, பெரியவர்கள் பஞ்சோ காதடைப்பானோ கையில் வைத்துக்கொண்டும் உட்கார வேண்டும்.

ஆடிக் கொடை என்றால் காற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்கள் வழியாக மேற்கிலிருந்து வீசும் அந்தக் காற்றை நம்பித்தான் முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் காற்றாலைகள் நிற்கின்றன. காற்று வீசும் திசையில் போகும் ஒலி தரையை நோக்கி வளையும். எதிர்த்துப் போகும் ஒலி மேலெழும்பிப் போய்விடும். அதனால் பந்தலுக்குக் கிழக்கே உட்கார்ந்தவருக்குத் தெளிவாகக் கேட்பது மேற்கே உட்கார்ந்தவருக்கு அறுந்து அறுந்து கேட்கும். கிழக்கே புழுதி அதிகம் வரும் என்பதும் உண்மை. துண்டு அதற்குத்தான்.

ஒலி மாசு விதிகள் 2000-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருக்கின்றன. அவற்றின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு தரலாம். சில ஊர்களில் காவல்துறையின் சொல்லுக்கிணங்கக் குழாய்களை நிறுத்திவிட்டுப் பந்தலுக்குள் மட்டும் மெல்லிய ஒலியில் தொடர்வார்கள். தெருவில் உட்கார்ந்திருந்தவர்கள் அப்போதுதான் எழுந்து பந்தலை நோக்கி வருவார்கள். நீங்கள் மாலையிலேயே இடம் பிடித்திருப்பதன் அருமை அந்த நேரத்தில் விளங்கும். குழாய்கள் ஓய்ந்தபின் கேட்கும் வில்லுப்பாட்டுத்தான் என்னைப் பொறுத்தவரை வில்லுப்பாட்டு.

கதையைக் கேட்பது

வானொலியிலும் தொலைக்காட்சியிலும் மட்டுமே வில்லுப்பாட்டைக் கேட்டவர்கள், ஒரு மணி நேரத்தில் முடிகிற, நகைச்சுவையும் நாட்டு நடப்பும் கலந்த ஒரு நிகழ்ச்சியை எதிர்பார்த்து வருவார்கள். திருநெல்வேலியை அடுத்த சத்திரம் புதுக்குளத்தில் 1928-இல் பிறந்து, 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2022-இல் மறைந்த சுப்பு ஆறுமுகம் அந்த வடிவத்தை உலகறியச் செய்தவர். கோயில் கொடையில் கேட்கக் கிடைப்பது அதன் தாய்வடிவம். அது மணிக்கணக்கில் நீளும், சாமிக்காகக் காத்திருக்கும், பூசைக்காக நிற்கும், நின்ற இடத்திலிருந்து மறுபடி தொடரும்.

கதைக்குள் நுழையும் முன் காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டுவளம் என்று ஒரு வரிசை உண்டு. இவற்றைச் சடங்கு என்று நினைத்து அந்த நேரத்தில் கடைத்தெருவைச் சுற்றப் போய்விடாதீர்கள். வருபொருள் என்பது இன்றிரவு பாடப்போகும் கதையின் சாரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவது. அதைக் கேட்டவருக்குப் பிறகு இடையில் கண்ணயர்ந்தாலும் கதை தப்பாது. ஒருமுறை பஸ் கிடைக்காமல் பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். யார் யாருக்கு அண்ணன், யார் ஏன் மலையேறுகிறார் என்று ஒன்றும் விளங்காமல், பக்கத்திலிருந்த பெரியவரிடம் கேட்டுக் கேட்டு அவருடைய இரவையும் கெடுத்தேன்.

கேட்கப்போகும் கதை எது என்று தெரிந்தால் அதன் சுருக்கத்தை வீட்டிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு போவதில் தவறொன்றுமில்லை. இங்கே யாரும் முடிவு தெரியாமல் கதை கேட்பதில்லை. பொதுவாக இரண்டு வகை உண்டு. கயிலாயத்தில் பிறந்து வரம் பெற்றுப் பூமிக்கு வரும் சுடலைமாடன் போன்ற தெய்வங்களின் கதைகள் ஒரு வகை. மனிதராகப் பிறந்து, அநியாயமாகச் செத்து, அதன்பின் தெய்வமாக நின்றவர்களின் கதைகள் மற்றொரு வகை. நம் பக்கத்தில் இவற்றை வெட்டுப்பட்ட வாதைகளின், அதாவது கொலையுண்டு தெய்வமான ஆவிகளின், கதை என்பார்கள். முத்துப்பட்டன் கதை இந்த இரண்டாம் வகையின் உச்சம். பிராமணனாகப் பிறந்த பட்டன் பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியப் பெண்கள் இருவர்மீது காதல் கொண்டு, அவர்களின் தகப்பன் கேட்டுக்கொண்டபடி குடுமியையும் பூணூலையும் துறந்து, செருப்புத் தைத்துக் கொடுத்து அவர்களை மணக்கிறான். மாடு திருட வந்தவர்களோடு போரிட்டு வென்றபின், ஒளிந்திருந்தவன் ஒருவன் கையால் சாகிறான். மனைவியர் இருவரும் தீப்பாய்கிறார்கள். சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக அவன் நிற்கிறான். இன்றும் அங்கே பக்தர்கள் அவனுக்குச் செருப்புக் காணிக்கை செலுத்துகிறார்கள். இந்தக் கதையைப் பதிப்பித்து அச்சில் நிலைநிறுத்தியவர் நாங்குநேரியில் பிறந்த நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை. மேலும் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையை அணுகலாம்.

பாட்டின் சொல் பிடிபடாத இடங்களில் கருவிகள் வழி காட்டும். நாணில் வீசுகோல் விழும்போது மணிகள் குலுங்குவது கதை நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். புலம்பல் வந்தால் வில் பெரும்பாலும் அடங்கி, உடுக்கை முன்னுக்கு வரும். உடுக்கையின் இடுப்பை அழுத்தி அழுத்தி விடும்போது அது விசும்புவது போலவே இருக்கும். குடம்தான் எல்லாவற்றுக்கும் அடிநிலை. குடக்காரரின் கையில் இருக்கும் பத்தி பார்ப்பதற்குச் சின்ன விசிறி போலிருக்கும். அது குடத்தின் வாயை மூடித் திறக்கும்போது எழுகிற "கும்" என்ற சத்தம் காதுக்கு வருவதற்கு முன்பே தரை வழியாகத் தொடைக்கு வந்துவிடும். சில ஆண்டுகளுக்கு முன் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் கேட்ட முத்துப்பட்டன் கதையில், பட்டன் ஓடையில் குனிந்து இரத்தக் கறையைக் கழுவுகிற இடம் வந்ததும் குடக்காரர் பத்தியை மடியில் வைத்துவிட்டார். புலவர் மட்டும் தாளமில்லாமல் நாலு வரி பாடினார். எனக்கு முன்னால் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆச்சி உலக்கையைத் தூக்கிய கையை இறக்கவில்லை. பிறகு ஒரே ஓர் அடி. குழாய் வழியாகக் கேட்டவர்களுக்கு அந்த நாலு வரியில் மின்சாரம் போய்விட்டது என்று தோன்றியிருக்கும்.

அன்பளிப்புக் கொடுக்கும் வழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் நூற்றியொரு ரூபாயை மேடையில் நீட்டினால், புலவர் கதையை நிறுத்தி, உங்கள் பெயரையும் தகப்பனார் பெயரையும் ஊரையும் சொல்லி வாழ்த்தியாக வேண்டும். மூன்று பேர் அடுத்தடுத்து நீட்டினால் பொம்மக்காவின் அழுகை அந்தரத்தில் தொங்கும். கொடுப்பதை அவசியம் கொடுங்கள். பூசைக்காகப் பாட்டு நிற்கும் இடைவேளையில் கொடுங்கள்.

சாமி வரும் நேரம்

நள்ளிரவு நெருங்க, கதையின் உச்சத்தில், சாமியை வரவழைக்கும் வரத்துப்பாட்டு தொடங்கும். தாளம் இறுகும், மேளமும் குலவையும் சேர்ந்துகொள்ளும், கோமரத்தாடிகள் என்னும் சாமியாடிகள் ஆடத் தொடங்குவார்கள். அந்த நேரத்தில் எழுந்து நிற்காதீர்கள். பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும் என்பது ஒரு காரணம், தடத்தில் தள்ளாடி விழுவீர்கள் என்பது இன்னொன்று. கைப்பேசி விளக்கைச் சாமியாடுகிறவரின் முகத்தில் அடிப்பதைப் போல ஊரைக் கோபப்படுத்துவது வேறொன்றும் இல்லை. படம் எடுக்க விரும்பினால், குழுவினரை அவர்கள் அனுமதியோடு மாலையிலேயே எடுத்துக்கொண்டு, இரவில் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள். எதிர்பாராமல் உங்கள் நெற்றியில் திருநீறு பூசவந்தால் குனிந்து வாங்கிக்கொள்ளுங்கள். நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்ற விவாதத்துக்கு அது நேரமல்ல.

சுடலைமாடன் கொடைகளில் சாமி சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போகும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. ஊர்க்காரர்கள் அழைத்தாலொழிய வெளியூர்க்காரர் பின்தொடரக் கூடாது. சாமி திரும்பும்வரை பந்தலில் வில்லும் ஓய்ந்திருக்கும். பாயில் சற்றுச் சாய்ந்துகொள்ளலாம்.

சில கோயில்களில் வில்லோடு கணியான் கூத்தும் இருக்கும். தலைமைப் பாடகரான அண்ணாவி பாட, பெண் வேடமிட்ட ஆண்கள் ஆட, உச்சம், மந்தம் என்ற இரண்டு மகுடங்கள், அதாவது தோற்கருவிகள், முழங்கும். மகுடத்தின் தோல் விறைப்பாக இருப்பதற்காக இடையிடையே வைக்கோலைக் கொளுத்தி அனலில் காட்டுவார்கள்; புகை எந்தப் பக்கம் போகிறதென்று பார்த்து உட்காருங்கள். தோல் சூடேறிய பிறகு உச்சத்தில் விழும் முதல் அடிக்குத் தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தைகள் எல்லாம் எழுந்துவிடும். இதில் இரத்தம் சிந்தும் சடங்கும் சில இடங்களில் உண்டு என்பதால், அதைப் பார்க்க இயலாதவர்கள் அழைத்தவரிடம் முன்கூட்டியே கேட்டு, அந்த வேளையில் கடைத்தெருப் பக்கம் போய்விடலாம்.

கடைத்தெரு என்றால் நாலைந்து தள்ளுவண்டிகள். கருப்பட்டி மிட்டாயும் காராச்சேவும் சுக்குக் காப்பியும் கிடைக்கும். வெயில் காலக் கொடை என்றால் கோயிலிலேயே பானக்கரம் தருவார்கள். கொடைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் மறுக்காமல் உட்காருங்கள்.

விடிவதற்குச் சற்று முன்னால் வாழி பாடுவார்கள். சாமியையும் ஊரையும் வரிதாரர்களையும் கேட்டிருந்தவர்களையும் வாழ்த்தி முடித்தபின், நாணைத் தளர்த்தி, மணிகளைத் துணியில் சுற்றி, குடத்தைக் கவிழ்த்து வைப்பார்கள். முதல் பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கும். குடக்காரர் அநேகமாகக் கையை உதறிக்கொண்டு தேநீர்க் கடைப் பக்கம் வருவார். அவருக்கும் சேர்த்து ஒரு தேநீர் சொல்லிவிட்டு, அடுத்த செவ்வாய்க்கிழமை எந்த ஊர், என்ன கதை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.